உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு! - ஒரு பொய்யின் நாற்பது வருஷக் கதை

லேப்டாப் வச்சிருக்கிற யாரும் இதைப் பார்க்காம இருந்திருக்க முடியாது. வத்தக்குழம்பு செய்முறையோ, பழைய படப் பாட்டோ தேடிக்கிட்டிருப்போம். திடீர்னு திரை சிவப்பாகும். பெரிய ஆச்சரியக்குறி. ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷ்ல அலறும். உங்க பொட்டிக்குள்ள வைரஸ் புகுந்துடுச்சு, பேங்க் விவரமெல்லாம் போயிக்கிட்டிருக்கு, அணைக்காதீங்க, உடனே இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்கன்னு ஒரு கட்டம் வந்து நிக்கும். பொட்டி ஏற்கனவே மாட்டுவண்டி வேகத்துல ஓடிக்கிட்டிருந்தா கேக்கவே வேண்டாம். "அதான் பார்த்தேன், வைரஸ்தான்"னு மனசு தானே முடிவு பண்ணிடும்.

மெதுவா ஓடற பொட்டி, பயந்துபோன மனசு. இந்த ரெண்டும் சேர்ற இடத்துல கோடிக்கணக்கான டாலர் வியாபாரம் ஒண்ணு நடக்குது. அதோட சரித்திரம்தான் இன்னிக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

நான் இருக்கிற மைசூருக்கு "பென்ஷனர்களின் சொர்க்கம்"னு ஒரு பேர் உண்டு. (2014 நவம்பர் 1ல இருந்து அதிகாரப்பூர்வமா மைசூரு. நமக்கு வாயில வர்றது மைசூர்தான்.) வெயில் அதிகமில்லை, நெரிசலும் பெங்களூர் அளவுக்குக் கிடையாது. அதனால ரிடையர் ஆனவங்க நிறைய. அதுல நம்ம ஊர்க்காரங்களும் கணிசம். பிள்ளைங்க டெக்சாஸ், டொரண்டோ, சிட்னின்னு போயிட்டாங்க. வீட்டுல ரெண்டு பேர், ஒரு துளசி மாடம், பையன் போன தடவை வந்தப்போ விட்டுட்டுப் போன ஒரு பழைய லேப்டாப். பேரன் பேத்தி முகம் பார்க்கிறது அதுலதான், மின்சார பில் கட்டறதும் அதுலதான். பொட்டி தட்டிப் பிழைக்கிற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இந்தத் தெருக்கள்ல சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகம் இருக்கு: லேப்டாப் வைத்தியர். பீஸ் ஒரு டம்ளர் பில்டர் காபி. அந்த உத்தியோகத்துல திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விதான் இதையெல்லாம் தேடிப் படிக்க வச்சது.

லாகூரில் ஒரு போன் நம்பர்

கதை 1986ல ஆரம்பிக்குது. ஐபிஎம் ரக பொட்டிகளைத் தாக்கின முதல் வைரஸ்னு பரவலா ஒத்துக்கப்பட்டது "பிரெய்ன்". எழுதினவங்க பாகிஸ்தான்ல லாகூர் நகரத்து அண்ணன் தம்பிகள், பாசித் பரூக் அல்வி, அம்ஜத் பரூக் அல்வி. பிளாப்பி தட்டோட முதல் பகுதியில போய் உக்காந்துக்கும். தட்டு வேலை செய்யற வேகம் குறையும், அவ்வளவுதான். தாங்க எழுதின மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமா நகல் எடுக்கிறவங்களைக் கண்டுபிடிக்கத்தான் செஞ்சோம்னு பின்னாடி சொன்னாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, வைரசுக்குள்ளேயே தங்களோட பேர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தாங்க. தடுப்பூசி வேணும்னா எங்களைக் கூப்பிடுங்கன்னு ஒரு குறிப்பு வேற. எங்கெங்கோ இருந்து போன் வர ஆரம்பிச்சதும் அவங்களே ஆடிப்போனாங்களாம். 2011ல பின்லாந்து வைரஸ் ஆராய்ச்சியாளர் மிக்கோ ஹிப்போனன் அந்த விலாசத்தைத் தேடிக்கிட்டு லாகூர் போனார். அண்ணன் தம்பிகள் அதே இடத்துல தொழில் பண்ணிக்கிட்டிருந்தாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, பொட்டி மெதுவாகறது, ஒரு எச்சரிக்கை, ஒரு போன் நம்பர், இந்த மூணும் முதல் வைரஸ்லயே இருக்கு. அன்னிக்கு வைரஸ் நிஜம், போன் நம்பரும் நிஜம். இன்னிக்கு வைரஸ் பொய், போன் நம்பர் மட்டும் நிஜம்.

பயமே வைரஸ் ஆன காலம்

அடுத்தது 1992. மைக்கேலாஞ்சலோன்னு ஒரு வைரஸ். அந்தச் சிற்பியோட பிறந்த நாளான மார்ச் 6 அன்னிக்கு கண் முழிச்சு ஹார்ட் டிஸ்க்கை அழிக்கும். வைரஸ் நிஜம்தான். ஆனா உலகம் முழுக்க 50 லட்சம் கம்ப்யூட்டர் வரைக்கும் போயிடும்னு பத்திரிகைகள்ல செய்தி. ஜனங்க வரிசையில நின்னு ஆன்டிவைரஸ் வாங்கினாங்க. மார்ச் 6 வந்தது, போச்சு. பாதிக்கப்பட்டது சில ஆயிரங்கள்தான். பயத்துக்கு மார்க்கெட் இருக்குன்னு உலகத்துக்குப் புரிஞ்சது அன்னிக்குத்தான்.

நேர்மையா மருந்து விக்கிறவங்களும் அதே காலத்துல வளர்ந்தாங்க, அதையும் சொல்லணும். சென்னையில 1991ல ஆரம்பிச்ச கே7 கம்ப்யூட்டிங், பின்னாடி ஜப்பான் வரைக்கும் ஆன்டிவைரஸ் வித்தது. புனேயில ரிப்பேர் கடையா ஆரம்பிச்ச அண்ணன் தம்பிகள் கட்டினது குவிக் ஹீல். இவங்க இருந்ததாலதான் போலிக்கு வேலை சுலபமாச்சு. மருந்துன்னு ஒண்ணு நிஜமா இருந்தாத்தானே போலி மருந்து விக்க முடியும்!

1994 கடைசியில "குட் டைம்ஸ்"னு ஒரு மின்னஞ்சல் எச்சரிக்கை சுத்த ஆரம்பிச்சது. இந்தத் தலைப்புல வர்ற மடலைத் திறந்தாலே கம்ப்யூட்டர் காலி, எல்லாருக்கும் சொல்லுங்கன்னு. அப்படி ஒரு வைரசே கிடையாது. மடலைப் படிச்சா மட்டும் பொட்டி கெடற வழியும் அன்னிக்குக் கிடையாது. ஆனா எச்சரிக்கை மட்டும் வைரஸ் மாதிரியே பரவிச்சு. பரப்பினது நல்ல மனசுக்காரங்க.

2000 மே 4ல பிலிப்பைன்ஸ்ல இருந்து "ஐ லவ் யூ" கிளம்பி நிஜமாவே உலகத்தைக் கலக்கிடுச்சு. அதுக்கப்புறம் எந்த எச்சரிக்கை வந்தாலும் நம்பறதுக்கு ஆள் தயார். 2002ல வந்த கரடிப் பொம்மை மடல் ஞாபகம் இருக்கா? விண்டோஸ்ல ஒரு பைலோட சின்னம் குட்டிக் கரடி மாதிரி இருக்கும். "அது வைரஸ், தேடிப் பார், இருந்தா அழிச்சுடு"ன்னு மடல். தேடினா இருக்கும். ஏன்னா அது விண்டோசோடவே வர்ற பைல்! எத்தனை பேர் தன் கையாலேயே தன் பொட்டியில இருந்து அதை அழிச்சாங்க. இந்த உத்தியை மனசுல வச்சுக்குங்க: எல்லார்கிட்டயும் இயல்பா இருக்கிற ஒண்ணைக் காட்டி, "பார், உன்கிட்டயும் இருக்கு"ன்னு சொல்றது. பின்னாடி இதுதான் பெரிய ஆயுதமாகப் போகுது.

பாப்-அப்பைத் தடுக்க ஒரு பாப்-அப்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல சாம்பல் கலர்ல ஒரு சின்னக் கட்டம் தானா வந்து குதிக்கும். ஆபீஸ்ல நிர்வாகி எல்லாருக்கும் "சர்வர் 5 மணிக்கு நிக்கும்"னு சேதி அனுப்பறதுக்காக மைக்ரோசாப்ட் வச்சிருந்த வசதி அது. விளம்பரக்காரங்க அதுக்குள்ள புகுந்துட்டாங்க. 2003 நவம்பர்ல அமெரிக்காவோட மத்திய வணிக ஆணையம் (இனிமே ஆணையம்னே சொல்றேன்) டி ஸ்கொயர்ட் சொல்யூஷன்ஸ்னு ஒரு நிறுவனத்து மேல வழக்குப் போட்டது. அவங்க வித்த சரக்கு என்ன தெரியுமா? இந்த மாதிரி கட்டம் வராம தடுக்கிற மென்பொருள். விளம்பரம் பண்ணினது எப்படி? இதே கட்டத்தை மறுபடி மறுபடி அனுப்பி! கொசுவை வளர்த்து விட்டுட்டு கொசுவத்தி விக்கிற கதை. 2004 ஆகஸ்ட்ல வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, அந்த வசதியை அணைச்சு வச்சது.

அடுத்து "இலவச ஸ்கேன்" வந்தது. 2006 ஜனவரியில அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலமும் மைக்ரோசாப்டும் செக்யூர் கம்ப்யூட்டர்ங்கிற நிறுவனத்து மேல வழக்குப் போட்டாங்க. அவங்க இலவச ஸ்கேன், சுத்தமான பொட்டியிலயும் உளவு மென்பொருள் இருக்குன்னு சொல்லும், அப்புறம் காசு கொடுத்து "ஸ்பைவேர் கிளீனர்" வாங்கச் சொல்லும்ங்கிறது குற்றச்சாட்டு. அந்த வருஷக் கடைசியில 10 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு.

ஸ்கேன் நாடகம்

இந்தத் தொழில் கார்ப்பரேட் லெவலுக்குப் போனது 2008 வாக்குல. இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங்னு ஒரு நிறுவனம். பதிவு பண்ணினது மத்திய அமெரிக்காவுல பெலிஸ் நாட்டுல, ஆள் வச்சு வேலை நடந்தது உக்ரைன்ல கீவ் நகரத்துல. வின்பிக்சர், வின்ஆன்டிவைரஸ், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ்னு ஒரே பண்டத்துக்குப் பல லேபிள். 2008 டிசம்பர்ல ஆணையம் வழக்குப் போட்டப்போ, ஏமாந்தவங்க 10 லட்சம் பேருக்கு மேலன்னு சொன்னது.

நாடகம் எப்படின்னா, ஒரு இணையப் பக்கம் திறக்கும். அதுல "மை கம்ப்யூட்டர்" மாதிரியே ஒரு படம், பச்சைக் கோடு ஓடும், எண்ணிக்கை ஏறும், ட்ரோஜன் 7, வேர்ம் 12னு பட்டியல். ஸ்கேன் எதுவும் நடக்கலை. பிரவுசர்ல திறக்கிற ஒரு பக்கத்தால உங்க டிஸ்க்குக்குள்ள புகுந்து பைல் பைலா பார்க்க முடியாது. அது வெறும் அசையும் படம், அவ்வளவுதான். ஆப்பிள் பொட்டியில பார்த்தாலும் அதே எக்ஸ்பி ஜன்னலைக் காட்டி, சி டிரைவ்ல வைரஸ்னு சொல்லும். ஆப்பிள்ல சி டிரைவே கிடையாது!

"கண்ட கண்ட சைட்டுக்குப் போனா இப்படித்தான்"னு அப்பா அம்மாவைத் திட்டற பிள்ளைகள் கவனத்துக்கு: 2009 செப்டம்பர்ல இதே மாதிரி போலி எச்சரிக்கை வந்தது நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையோட தளத்துல. நல்ல நிறுவனம் பேரைச் சொல்லி விளம்பர இடம் வாங்கி, பின்னாடி அதுல விஷத்தை மாத்தி வச்சுட்டாங்க. 2010 பிப்ரவரியில மினியாபொலிஸ் ஸ்டார் டிரிப்யூன் தளத்துலயும் இதே கதை. ஒரு ஹோட்டல் குழுமத்து விளம்பரம்னு சொல்லி உள்ளே நுழைஞ்சாங்க. 2011 ஜூன்ல எஃப்.பி.ஐ. பல நாட்டுப் போலீசோட சேர்ந்து பிடிச்ச இன்னொரு கும்பல் 9,60,000 பேர்கிட்ட 7 கோடியே 20 லட்சம் டாலர் வரைக்கும் கறந்திருந்தது. பேப்பர் படிக்கப் போனவங்களும் மாட்டியிருக்காங்க. அதனால அவங்க மேல குத்தம் இல்லை.

இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங் வழக்குல 2012 அக்டோபர்ல ஒருத்தர் மேல 16 கோடியே 30 லட்சம் டாலர் தீர்ப்பாச்சு. அதே மாசம் இந்தக் கதை நம்ம நாட்டுப் பக்கம் திரும்புது.

மறுமுனையில் நம்ம குரல்

2012 அக்டோபர்ல ஆணையம் ஆறு வழக்கு போட்டது. இந்தத் தடவை வேறுமாதிரி. திரையில படம் காட்டறதுக்குப் பதிலா, நேரா வீட்டுக்குப் போன். "நாங்க விண்டோஸ்ல இருந்து பேசறோம். உங்க கம்ப்யூட்டர் எங்களுக்குப் பிழைச் சேதி அனுப்புது." அழைச்சவங்கள்ல பெரும்பாலானவங்க இருந்தது இந்தியாவுல. வாங்கின தொகை 49 டாலர்ல இருந்து 450 டாலர் வரைக்கும்.

அவங்க காட்டற வித்தைகளை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்ப்போம்.

முதல் வித்தை, ஈவன்ட் வியூவர். விண்டோஸ் தன்னோட அன்றாட நடவடிக்கையை எழுதி வைக்கிற டைரி அது. பிரிண்டர் பதில் சொல்லலை, நெட் ஒரு வினாடி போச்சு, இதுக்கெல்லாம் கூட சிவப்புப் புள்ளி வைக்கும். நல்லா ஓடற பொட்டியிலயும் நூத்துக்கணக்குல இருக்கும். "பாருங்க சார், எவ்வளவு சிவப்பு!"ம்பாங்க.

ரெண்டாவது, ஒரு நீளமான எண். "உங்க கம்ப்யூட்டரோட தனி அடையாள எண்ணை நான் சொல்றேன், சரி பாருங்க"ன்னு சொல்லி ஒரு கட்டளை அடிக்கச் சொல்வாங்க. அவங்க படிக்கிற எண்ணும் திரையில வர்ற எண்ணும் அச்சு அசலா ஒத்துப்போகும். ஆடிப்போயிடுவோம். ஆனா அந்த எண் எல்லா விண்டோஸ் பொட்டியிலயும் ஒண்ணுதான். உங்களுது, என்னுது, பக்கத்து வீட்டுது எல்லாம் அதே எண். கரடிப் பொம்மை உத்தி ஞாபகம் வருதா? அதேதான்.

மூணாவது, பொட்டியைத் தூரத்துல இருந்து இயக்கற மென்பொருளைப் போடச் சொல்றது. அது போட்டாச்சுன்னா சாவிக்கொத்தையே கொடுத்தாச்சுன்னு அர்த்தம்.

அப்புறம் அவங்களே போன் பண்றதும் குறைஞ்சது. சிவப்புத் திரையில நம்பரைப் போட்டு, நம்மளையே கூப்பிட வச்சாங்க. பயந்து நாமா கூப்பிட்டா, எதிர்முனைக்காரன் நமக்கு உதவி செய்றவனாத் தெரிவான், அதுதான் சூட்சுமம்.

2018 அக்டோபர், நவம்பர்ல டெல்லி, குர்கான், நொய்டா பக்கம் மைக்ரோசாப்ட் கொடுத்த புகார் பேர்ல போலீஸ் 26 கால் சென்டர்கள்ல சோதனை போட்டது. 2020 மார்ச்சுல, ஜிம் பிரௌனிங்னு புனைபேர் வச்சுக்கிட்ட ஒருத்தர், குர்கான்ல ஒரு கால் சென்டரோட கண்காணிப்புக் கேமராவுக்குள்ளேயே புகுந்து எடுத்த காட்சிகள் பிபிசியில வந்தது. 2023 அக்டோபர்ல சிபிஐ "ஆபரேஷன் சக்ரா 2"ன்னு 76 இடங்கள்ல சோதனை நடத்தினது. தொழில்நுட்ப உதவி மோசடியோட வேற இணைய மோசடிகளும் அந்த வழக்குகள்ல உண்டு. சோதனை நடந்த மாநிலப் பட்டியல்ல தமிழ்நாடு, கர்நாடகா ரெண்டும் இருந்தது.

எஃப்.பி.ஐ.க்கு 2023ல வந்த இந்த வகைப் புகார்கள்ல போன பணம் ஏறத்தாழ 92 கோடி டாலர். 2024ல அது 146 கோடி. இழந்தவங்கள்ல வயசானவங்கதான் அதிகம்.

இதைப் படிக்கிற வெளிநாட்டு நண்பர்களுக்கு இதோட இன்னொரு பக்கம் தெரியும். ஆபீஸ் விஷயமா ஒரு வாடிக்கையாளருக்குப் போன் போட்டு "ஹலோ" சொன்னதுமே எதிர்முனை இறுகறதை நிறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். நாம பேசற இங்கிலீஷோட ராகமே இப்போ ஒரு எச்சரிக்கை மணி ஆயிடுச்சு. அந்தக் கால் சென்டர்ல உக்காந்திருக்கிறதும் நம்ம வீட்டுப் பையன் மாதிரி ஒருத்தன்தான். டிகிரி, கொஞ்சம் இங்கிலீஷ், வேலை இல்லை. பாவம்தான். ஆனா எதிர்முனையில அழற கிழவியோட குரல் அவன் காதுலயும் விழத்தான் செய்யுது. அதைக் கேட்டும் அடுத்த கார்டு நம்பரைக் கேக்கறவனுக்காக வக்காலத்து வாங்க என்னால முடியலை.

பெரிய கடையும் சளைச்சதில்லை

இருட்டு அறை ஆசாமிகள்தான் இப்படின்னு நினைச்சா, 2019 மார்ச்சைப் பாருங்க. ஆபீஸ் டிப்போ அமெரிக்காவுல பெரிய சங்கிலிக் கடை. அவங்களும் சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3 கோடியே 50 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. கடைக்கு பொட்டியைக் கொண்டுபோனா "பிசி ஹெல்த் செக்" இலவசம். ஊழியர் முதல்ல நாலு கேள்வி கேப்பார். பொட்டி மெதுவா ஓடுதா, பாப்-அப் வருதா, இப்படி. ஒண்ணுக்கு ஆமான்னு டிக் பண்ணினாலே போதும். ஸ்கேன் என்ன கண்டுபிடிச்சாலும் சரி, கண்டுபிடிக்காட்டாலும் சரி, வைரஸ் அறிகுறி இருக்குன்னு முடிவு வரும்ங்கிறது ஆணையம் சொன்ன குற்றச்சாட்டு. ஜோசியர்கிட்ட போய் "குடும்பத்துல கஷ்டம்"னு நாமளே சொன்னதும், "உங்களுக்கு ஏழரைச் சனி"ன்னு சொல்ற மாதிரி.

2024 மார்ச்சுல ரெஸ்டோரோ, ரீஇமேஜ்னு சைப்ரஸ் நாட்டு நிறுவனங்கள் 2 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஒத்துக்கிட்டாங்க. ஆணையத்து ஆளுங்க சாதாரண வாடிக்கையாளர் மாதிரி போய் ஸ்கேன் ஓட்டிப் பார்த்தாங்க. ஆன்டிவைரஸ் சரியா ஓடற பொட்டியிலயும் அவசரமா சரிபண்ணணும்னு நூத்துக்கணக்குல கோளாறு காட்டிச்சாம். 2025ல ஏமாந்தவங்களுக்குப் பணம் திருப்பி அனுப்பினாங்க.

அப்போ பொட்டி ஏன்தான் மெதுவா ஓடுது?

இதுதான் தெருவுல என்கிட்ட வர்ற முதல் கேள்வி. நான் பார்த்த பழைய லேப்டாப்கள்ல முக்கால்வாசிக்கு வைரசே காரணமில்லை.

சுழல்ற ஹார்ட் டிஸ்க் இருந்தா அதுதான் முதல் குற்றவாளி. எஸ்எஸ்டி மாத்தினா அதே பொட்டி புதுசு மாதிரி ஓடும். நினைவகம் 4 ஜிபியா இருந்து, பிரவுசர்ல இருபது பக்கம் திறந்து கிடந்தா, பாவம் அது மூச்சு வாங்கத்தான் செய்யும். டிஸ்க் முக்காலே மூணு வீசம் கல்யாண வீடியோவால நிறைஞ்சிருக்கும். பொட்டி முழிக்கும்போதே கூடவே பத்து மென்பொருள் முழிச்சுக்கும். விசிறியில தூசி அடைஞ்சு சூடேறினா, பொட்டி தானே வேகத்தைக் குறைச்சுக்கும்.

இன்னொண்ணு, ரெண்டு மூணு ஆன்டிவைரஸ். மைக்ரோசாப்ட் 2009லயே இலவச செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் கொடுத்தது. 2012ல வந்த விண்டோஸ் 8ல இருந்து டிபெண்டர் உள்ளேயே இருக்கு. அது போதாதுன்னு பயத்துல இன்னும் ரெண்டைப் போட்டா, ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டுக்கிட்டே உக்காந்திருப்பாங்க. மெதுவா ஓடுதேன்னு பயந்து வாங்கின மருந்தே இன்னும் மெதுவாக்கும்.

இப்ப இந்தச் சிவப்புக் கட்டங்கள் நிறைய வர்றது எங்கிருந்து தெரியுமா? பிரவுசர் அறிவிப்புகள்ல இருந்து. ஏதோ ஒரு தளம் "நீங்க ரோபோ இல்லைன்னு காட்ட அனுமதியை அழுத்துங்க"ன்னு கேட்டிருக்கும். அழுத்தியிருப்போம். அன்னிலேர்ந்து திரையோட கீழ்மூலையில ஏதாவது ஒரு பிரபல ஆன்டிவைரஸ் பேர்ல "உங்க பாதுகாப்பு காலாவதி"ன்னு வந்துக்கிட்டே இருக்கும். பிரவுசர் அமைப்புகள்ல அறிவிப்புப் பகுதிக்குப் போய் தெரியாத தளங்களை நீக்கினா நின்னுடும். அஞ்சு நிமிஷ வேலை.

திரை முழுக்க அடைச்சுக்கிட்டா எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க. போகலைன்னா கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூணையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜர் வழியா பிரவுசரை மூடுங்க. அதுவும் முடியலைன்னா பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தினா அணைஞ்சுடும். ஒண்ணும் ஆகாது. திரும்பத் திறக்கும்போது "பழைய பக்கங்களைத் திறக்கவா"ன்னு கேட்டா வேண்டாம்னுடுங்க.

எல்லா எச்சரிக்கையும் பொய் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல முடிஞ்சதுன்னு மைக்ரோசாப்ட் சொன்னது நிஜம். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே அளவுகோல் போதும்: மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கையில போன் நம்பர் போடறதில்லை. நம்பர் இருந்தா போலி.

சந்தனமும் வெட்கமும்

மைசூர்ல இருந்துக்கிட்டு போலியைப் பத்திப் பேசும்போது சந்தன சோப்பைச் சொல்லாம இருக்க முடியலை. முதல் உலகப் போர் சமயத்துல சந்தனக்கட்டையை ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாமப் போச்சு. தேங்கின மரத்துல இருந்து இங்கேயே எண்ணெய் வடிக்க மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் ஏற்பாடு பண்ணினாங்க. அதுல பிறந்ததுதான் மைசூர் சாண்டல் சோப். நூறு வருஷத்துக்கும் மேல சேர்த்த பேர். 2024 ஜனவரியில ஹைதராபாத்துல அதே பேர்ல போலி சோப்பு தயாரிச்ச இடத்தைப் பிடிச்சாங்க. நம்பிக்கை எங்க சேர்ந்திருக்கோ அங்கதான் போலி வரும். விண்டோஸ், மைக்ரோசாப்ட்னு அவங்க சொல்றதும் அதுக்குத்தான்.

போலி சோப்பு வாங்கினவர் அதை நாலு பேர்கிட்ட சொல்லித் திட்டுவார். போலி வைரசுக்குக் காசு கொடுத்தவர் சொல்ல மாட்டார். எங்க தெருவுல ஒரு மாமி, ரிடையர்டு டீச்சர். பையன் அமெரிக்காவுல. லேப்டாப் மெதுவா ஓடுதுன்னு கூப்பிட்டாங்க. திறந்து பார்த்தா தூரத்துல இருந்து இயக்கற மென்பொருள் ஒண்ணு உள்ளே குத்த வச்சு உக்காந்திருக்கு. மெல்ல விசாரிச்சா, நாலு மாசம் முன்னாடி சிவப்புத் திரை, போன், கார்டுல பன்னிரண்டாயிரம் ரூபாய்.

"பையன்கிட்ட சொல்லலையா மாமி?"

"சொன்னா, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்னு லேப்டாப்பையே எடுத்து வைக்கச் சொல்லிடுவான்ப்பா. அப்புறம் நான் பேத்தி மூஞ்சியை எங்க பாக்கறது?"

அந்த நாலு மாசமும் அவங்க கார்டு விவரம் எவன்கிட்டயோ இருந்தது. உடனே பேங்க்ல சொல்லி கார்டை முடக்கினோம், மென்பொருளை எடுத்துட்டு வேறொரு பொட்டியில இருந்து கடவுச்சொல் எல்லாம் மாத்தினோம். போன பணம் வரலை. ஆனா என் மனசுல நின்னது பன்னிரண்டாயிரம் இல்லை, அந்த பதில்தான். வைரஸ் பயத்தை விடப் பெரிய பயம் ஒண்ணு அங்க இருக்கு: பிள்ளை முன்னாடி விவரமில்லாதவளா நிக்கிற பயம், பேத்தியோட வீடியோ கால் நின்னுடுமோங்கிற பயம். இந்தத் தொழில் இத்தனை வருஷமா நடக்கிறது அந்த மௌனத்தை நம்பித்தான்.

இந்தியாவுல இப்படி ஏதாவது நடந்தா உடனே கூப்பிட வேண்டிய எண் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துலயும் பதிவு பண்ணலாம். ஆனா 1930க்குச் சொல்றதுக்கு முன்னாடி அவங்க உங்ககிட்ட சொல்லணும். அதுக்குத் தைரியம் கொடுக்க வேண்டியது நீங்கதான்.

இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் பேசும்போது, சாப்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களாங்கிற கேள்விகளோட இன்னொண்ணையும் சேர்த்துக்குங்க. "அம்மா, திரையில சிவப்பா ஏதாவது வந்தா எதையும் அழுத்தாதே, எனக்குப் போன் பண்ணு. ராத்திரி ரெண்டு மணியானாலும் பரவாயில்லை. ஏற்கனவே காசு கட்டியிருந்தாலும் சொல்லு, திட்ட மாட்டேன்."

சொன்ன மாதிரியே, திட்டாமலும் இருங்க.